கூர்ப்பு: 'எவல்யூஷன்' என்பதற்குரிய தமிழ்ச்சொல்

தென்னாப்பிரிக்க அரசுப் பள்ளிகளின் பன்னிரண்டாம் வகுப்பு உயிர் அறிவியலில் 2008 முதல் கற்பிக்கப்பட்டுவரும் 'எவல்யூஷன்' தமிழில் பரிணாமம், படிமலர்ச்சி, கூர்ப்பு எனப் பலவாறு வழங்குகிறது. ஓர் உயிரினக் கூட்டத்தின் மரபுப் பண்புகள் தலைமுறைதோறும் மாறிவருவதையும், அம்மாற்றங்கள் நெடுங்காலம் திரண்டு புதிய இனங்கள் கிளைப்பதையும் இச்சொல் குறிக்கும். தனியுயிர் ஒன்று தன் வாழ்நாளில் அடையும் மாற்றம் இதில் அடங்காது.

மூலச்சொல் இலத்தீன், சுருளேட்டை விரித்தல் என்பது அதன் பொருள். 18ஆம் நூற்றாண்டுக் கருவியலார், கருவில் முன்னமே அமைந்திருந்த உரு விரிவதையே அச்சொல்லால் சுட்டினர். டார்வின் 1859இல் வெளியிட்ட நூலின் முதற்பதிப்பில் இப்பெயர்ச்சொல் இல்லை. மாற்றத்தோடு கூடிய வழிவருகை என்னும் பொருள்படவே அவர் எழுதினார். அதன் வினைவடிவம் மட்டும் நூலின் கடைசிச் சொல்லாக நிற்கிறது.

பரிணாமம் வடசொல். மாறுதல், முதிர்தல், செரித்தல் ஆகிய பொருள்கள் அதற்குண்டு. பால் தயிராவதுபோல மூலப்பகுதி (உலகுக்கு முதலான பொருள்) உலகாக மாறுகிறது என்னும் சாங்கியத் தத்துவப் பிரிவின் கொள்கையும் இச்சொல்லையே ஆள்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதனை ஏற்றுக்கொண்டதால் பரவலாக அறியப்பட்ட சொல்லும் இதுவே. ஆயினும் முதிர்ச்சி என்ற பொருள் உடன்வருவதால், உயிர்கள் ஒரு முடிவை நோக்கி ஏறிச் செல்கின்றன என்ற எண்ணத்தை அது எளிதில் ஊட்டிவிடுகிறது.

டர்பன் வட்டாரச் சைவக் குடும்பங்களில் பிள்ளைகள் இப்பாடத்தைப் பள்ளியில் ஆங்கிலத்தில் கற்கிறார்கள். கோயிலில் சிவபுராணத்தைத் தமிழில் ஓதுகிறார்கள். "புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி" என்னும் அடியைக் காட்டி, நம் முன்னோர் இதை அன்றே சொல்லிவிட்டனர் என்று பெரியவர்கள் மகிழ்வதுண்டு. அந்த மகிழ்ச்சியில் அன்பு இருக்கிறது. ஆனால் கருத்து பொருந்தவில்லை. மாணிக்கவாசகர் பாடுவது ஓர் உயிர் பல பிறவிகளில் உழன்று இளைத்ததை. பாம்புக்குப் பின் கல்லும், மனிதருக்குப் பின் பேயும் அங்கே வருகின்றன. அது இனங்களின் வரிசையன்று. அறிவியலுக்குச் சான்றாக்கினால் பாட்டின் உருக்கமும் கெடும், பாடமும் கெடும். உயிரின் விடுதலையைப் பற்றி எவல்யூஷன் கொள்கை ஒன்றும் சொல்வதில்லை. ஆகவே திருவாசகம் ஓதும் பிள்ளை இப்பாடத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை.

தென்னாப்பிரிக்காவில் இச்சொல்லுக்கு வேறொரு சுமையும் உண்டு. மனிதரின் தொல் உறவினம் ஒன்றைச் சேர்ந்த, 'டாவுங் குழந்தை' எனப்படும் இளம் உயிரின் மண்டையோடு 1924இல் இம்மண்ணில்தான் கிடைத்தது. உடற்கூற்றியலாளர் ரேமண்ட் டார்ட் மறு ஆண்டே அதற்குப் பெயரிட்டு அறிவித்தார். எனினும் நிறவெறி ஆட்சி, கிறித்தவத் தேசியக் கல்வி என்ற பெயரில் இப்பாடத்தைப் பள்ளிக்குள் விடவில்லை. 2015இல் அழிந்துபோன மனித இனமான ஹோமோ நலேடியின் எலும்புகள் அறிவிக்கப்பட்டபோது, கறுப்பின மக்களைக் குரங்கென்று இழித்த காலத்தின் புண் ஆறாதவர்கள் சிலர் வெளிப்படையாகவே எதிர்த்தனர். அந்தச் சினம் நியாயமானது. உயர்ந்த இனம், தாழ்ந்த இனம் என்ற ஏணி டார்வின் கொள்கையின் பெயரால் பிறர் கட்டியது. கொள்கையோ எல்லா மனிதரையும் ஒரே கால்வழியில் நிறுத்துகிறது. எனவே ஏணியை நினைவூட்டாத சொல்லே இங்கு வேண்டும். படிமலர்ச்சி அழகிய ஆக்கந்தான். ஆனால் படி என்பதை ஏறும் படியாகவே பலர் கொள்வர்.

ஈழத்துப் பாடநூல்கள் ஆளும் கூர்ப்பு என்பதை நான் பரிந்துரைப்பது இதனால்தான். "கூர்ப்பும் கழிவும் உள்ளது சிறக்கும்" என்பது தொல்காப்பிய உரியியல். கூர்ப்பு, கழிவு என்னும் இரு சொல்லும் ஏற்கெனவே உள்ள ஒன்று மிகுதலைக் குறிக்கும் என்பதே அந்நூற்பாவின் பொருள். சிறத்தல் என்பது அங்கே மிகுதியே தவிர மேன்மையன்று. உள்ளதிலிருந்தே புதியது வருகிறது என்னும் டார்வினின் அடிப்படைக்கு இது நெருங்கி நிற்கிறது. இதனைக் கூர்தல் அறம் என்று வழங்கியோரும் உளர். எனக்கு அதில் உடன்பாடில்லை. சூழலுக்குப் பொருந்தும் பண்புடையவை மிகுதியாகப் பெருகும் இயற்கைத் தேர்வு, நிகழ்வதைச் சொல்லுமேயன்றி நாம் செய்யத்தக்கதைச் சொல்லாது. அறத்தை அதன்மேல் ஏற்றியதன் விளைவை இந்நாடு பட்டறிந்தது.

வினையாகவும் இச்சொல் இயல்பாக வரும்: மனிதனும் சிம்பன்சியும் ஒரு பொது முன்னோரிலிருந்து கூர்ந்து பிரிந்த இனங்கள்.