காலையில் மங்கல், மதியத்தில் தெளிவு

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு 62 வயது, விடிகாலையில் விளக்கேற்றும்போது சாமி படம் புகைமூட்டமாகத் தெரிகிறதாம், பதினொரு மணி வாக்கில் தானே தெளிந்துவிடுகிறதாம். பெரியம்மாவுக்கும் இப்படித்தான் இருந்ததாம், அதனால் பக்கத்து வீட்டில் செய்வினை என்கிறார்களாம். தினமும் பதினொரு மணிக்கு ஓய்வெடுக்கும் செய்வினையை நான் கேள்விப்பட்டதில்லை. கண்ணின் முன்பக்கக் கண்ணாடி மங்கும் ஃபுக்ஸ் நோயாக இருக்கலாம், கண் மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

கார்னியா, அதாவது கண்ணின் முன்பக்கக் கண்ணாடி, அரை மில்லிமீட்டர் தடிப்பு, ரத்தக்குழாய் கிடையாது. இதெல்லாம் பள்ளிப் பாடம். ஆனால் வெள்ளை விழியும் இந்தக் கண்ணாடியும் ஒரே கொலாஜன் நாரால் ஆனவை என்று யாராவது சொல்லிக் கொடுத்தார்களா? கார்னியாவில் நார்கள் ஒரே பருமன், கிட்டத்தட்ட ஒரே இடைவெளி, அதுவும் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு நெருக்கம். அதனால் பக்கவாட்டில் சிதறும் ஒளி ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, நேரே போவது மட்டும் மிஞ்சுகிறது. இந்த வரிசை குலைந்தால் கண்ணாடி வெளுத்துவிடும்.

குலைப்பது தண்ணீர். ரத்தம் வராத கார்னியாவுக்குக் குளுக்கோஸ் பின்னால் கண்ணுக்குள் இருக்கும் திரவத்திலிருந்துதான் கசிந்து வர வேண்டும், கூடவே தண்ணீரும் வரும், ஆக கசிவை அடைக்கவும் முடியாது. உள்பக்கத்தில் ஒற்றை வரிசையாக ஒட்டியிருக்கும் அறுகோண செல்கள் கார்னியாவிலிருந்து உப்பை வெளியே தள்ளுகின்றன, தண்ணீரும் அதன் பின்னாலேயே போய்விடுகிறது. இரவு பகலாக இதே வேலை! இளவயதில் ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 3,000 செல்கள் இருக்கும். செத்தது செத்ததுதான், நம் கண்ணுக்குள் அவை மறுபடி பெருகுவதில்லை.

1910இல் வியன்னாவின் எர்ன்ஸ்ட் ஃபுக்ஸ் விவரித்த இந்த நோயில் அந்தச் செல்கள் சீக்கிரமே குறைகின்றன. மேலை நாட்டு நோயாளிகள் பலருக்கு டிசிஎஃப்4 என்ற மரபணுவில் மூன்றெழுத்துத் துண்டு ஒன்று, நகல் எடுக்கும்போது சிக்கிக்கொண்டது போல, திரும்பத் திரும்ப நீண்டுகிடக்கிறது. 2012 வாக்கில்தான் இது பிடிபட்டது. பெற்றோரில் ஒருவரிடமிருந்தே வந்துவிடலாம், பெரியம்மா கதை இங்கேதான் பொருந்துகிறது. வந்தவர் எல்லோருக்கும் பார்வை மங்கும் என்றில்லை.

சரி, ஏன் காலையில்? கண் திறந்திருந்தால் கண்ணீர் ஆவியாகிக் கார்னியாவிலிருந்து கொஞ்சம் நீரை இழுக்கும். தூங்கும்போது அந்த உதவியும் இல்லை. முடி உலர்த்தியைக் கை நீட்டிய தூரத்தில், சூடு தாங்கும் அளவுக்குப் பிடிக்கச் சில மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். நந்தியாவட்டைப் பூ வைப்பதும் தாய்ப்பால் விடுவதும் வேண்டாம், கிருமிதான் சேரும்.

முற்றினால், தானமாக வந்த கண்ணிலிருந்து அந்தச் செல்கள் ஒட்டிய மெல்லிய உள்படலத்தை மட்டும் எடுத்து வைக்கிறார்கள். காற்றுக் குமிழி அதை மேலே அழுத்திப் பிடிக்க, நோயாளி மல்லாந்து படுக்க வேண்டும். ஜப்பானின் கியோட்டோவில் படலம்கூட இல்லை, ஆய்வகத்தில் வளர்த்தெடுத்த செல்களை ஊசியால் கண்ணுக்குள் விட்டார்கள். 2018இல் முதல் 11 பேரின் முடிவுகள் வெளிவந்தன. அவர்கள் மூன்று மணி நேரம் குப்புறப் படுத்திருந்தார்கள், செல்கள் தம் எடையிலேயே இறங்கி இடம் பிடிக்கட்டும் என்று.