கல்லூரியை ஊருக்கு வரவைப்பது எப்படி? உன்னத் பாரத் அபியானும் மாலைநேரக் கற்றல் மையமும்

நம் ஊராட்சிகள் பலவற்றில் ஒரு சின்ன நூலகக் கட்டிடம் இருக்கும். 2006 முதல் 2011 வரை நடந்த அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் கட்டியது. எத்தனையோ ஊரில் அது பூட்டியே கிடக்கிறது. அங்கிருந்து ஒரு பஸ் பிடித்தால் போய்விடும் தூரத்தில், ஆயிரக்கணக்கில் மாணவர்கள் படிக்கிற ஒரு கல்லூரி இருக்கும். அந்தக் கட்டிடத்தையும் இந்த மாணவர்களையும் சேர்த்துவைத்து, எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு ஒரு மாலைநேரக் கற்றல் மையம் நடத்த அரசுத் திட்டங்களிலேயே வழி இருக்கிறது. ஊர்க்காரர்கள் போய்க் கேட்பதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

முதலில் உன்னத் பாரத் அபியான். 2014 நவம்பர் 11-ல் தொடங்கிய மத்திய கல்வி அமைச்சகத்தின் திட்டம். 2018 ஏப்ரலில் இரண்டாம் கட்டம் ஆரம்பித்தது. டெல்லி ஐஐடி நாடு முழுவதற்கும் ஒருங்கிணைப்பு நிறுவனம். திண்டுக்கல் பக்கத்துக் காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகம் வட்டார ஒருங்கிணைப்பைப் பார்க்கும் நிறுவனங்களில் ஒன்று. இதில் சேரும் கல்லூரி குறைந்தது ஐந்து கிராமங்களைத் தத்தெடுக்க வேண்டும். மாவட்ட நிர்வாகத்தோடு பேசி ஊர்களை முடிவு செய்வார்கள். அப்புறம் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்து, அந்த ஊருக்கு என்ன தேவை என்று பார்த்து வளர்ச்சித் திட்டம் தயாரிக்க வேண்டும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கட்டிடம் கட்டப் பெரிய தொகை தருகிற திட்டம் இல்லை இது. கல்லூரியின் அறிவையும் ஆட்களையும் ஊருக்குக் கொண்டுவருவதுதான் நோக்கம். ஆகவே “மையம் கட்டித் தாருங்கள்” என்று போனால் வெறுங்கையோடு திரும்புவோம். “இடம் எங்களிடம் இருக்கிறது, ஆள் தாருங்கள்” என்று போனால் பேச்சு நகரும். நூலகம் இல்லாவிட்டால் கிராம சேவை மையம், மகளிர் குழு கட்டிடம், பள்ளி வகுப்பறை எதுவானாலும் சரி. எரிகிற விளக்கு, மின்விசிறி, பெண்கள் போய்வரக் கழிப்பறை, இந்த மூன்றையும் மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, வயதுவந்தோருக்கான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம். உல்லாஸ் என்றும் சொல்கிறார்கள். 2022-23 முதல் 2026-27 வரை ஐந்து ஆண்டுகளுக்கு அறிவித்தது. 15 வயதோ அதற்கு மேலோ ஆன, எழுதப் படிக்கத் தெரியாத யாரும் சேரலாம். சொல்லிக் கொடுப்பவர்கள் சம்பளம் இல்லாத தன்னார்வலர்கள். கல்லூரி மாணவர்களும் வரலாம். எழுத்தோடு பணம் கையாளுதல், உடல்நலம், தொழில்திறன் ஆகியவையும் திட்டத்தில் உண்டு. முடிவில் ஒரு தேர்வு: வாசிப்புக்கு 50, எழுத்துக்கு 50, கணக்குக்கு 50 என்று 150 மதிப்பெண். தேறினால் சான்றிதழ். தேறாதவர்கள் மறுபடி எழுதலாம் என்பதைச் சேரும்போதே சொல்லிவிடுங்கள். தேர்வு என்ற சொல்லைக் கேட்டதுமே பாதிப் பேர் பின்வாங்குகிறார்கள்.

இந்த எழுத்தறிவுத் திட்டம் ஊர்ப் பள்ளி வழியாகத்தான் நடக்கிறது. அதனால் ஊர் அரசுப் பள்ளித் தலைமையாசிரியரையோ, வட்டார வளமையத்தில் (ஒன்றிய அளவில் பள்ளிகளுக்குத் துணைநிற்கும் கல்வித்துறை மையம்) உள்ள ஆசிரியர் பயிற்றுநரையோ பார்த்துப் பெயர்களைப் பதிவு செய்ய வேண்டும். பாடநூல் அந்த வழியாகத்தான் வரும்.

மூன்றாவது, நாட்டு நலப்பணித் திட்டம். 1969-ல் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. இதில் சேர்ந்த மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். ஏழு நாள் சிறப்பு முகாம் தனி. பெரும்பாலும் நாம் பார்ப்பது அந்த முகாமைத்தான்: கோயில் வாசலைக் கூட்டுவார்கள், மரக்கன்று நடுவார்கள், கிளம்பிவிடுவார்கள். அந்த 120 மணி நேரத்தை யாரும் கேட்பதில்லை. வாரம் இரண்டு மாலை, ஆளுக்கு ஒன்றரை மணி நேரம் என்று பிரித்துப் பாருங்கள். நாற்பது வாரம் ஓடும்.

கல்லூரியில் யாரைப் பார்ப்பது? முதல்வரிடம் ஒரு மனு கொடுங்கள். உன்னத் பாரத் ஒருங்கிணைப்பாளர், நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர் இருவருக்கும் நகல் கொடுங்கள். உங்கள் ஊர் ஏற்கெனவே தத்தெடுத்த ஊராக இருக்கவும் வாய்ப்பு உண்டு. அதையும் அவர்களிடமே கேளுங்கள். மனுவுக்கு வலு சேர்ப்பது கிராம சபைத் தீர்மானம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டில் ஆறு முறை கூடுகிறது. இடத்தை ஊராட்சி தரும், மின்கட்டணத்தை ஊராட்சி கட்டும், சாவி இன்னாரிடம் இருக்கும் என்று தீர்மானத்தில் எழுத வையுங்கள். இன்னாரிடம் என்பது முக்கியம். சாவிக்கு ஆள் இல்லாமல் நின்றுபோன மையம் ஒன்றை நானே பார்த்திருக்கிறேன். மாணவர்கள் இரண்டு வாரம் வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். மூன்றாவது வாரம் வரவில்லை.

இன்னொரு சிக்கலையும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். நவம்பரிலும் ஏப்ரலிலும் கல்லூரித் தேர்வு. மே மாதம் விடுமுறை. மூன்று ஆண்டில் அந்த மாணவர்களே மாறிவிடுவார்கள். கடைசி பஸ்ஸை விட்டால் மாணவிகள் ஊர் திரும்ப முடியாது. ஆகவே மையத்தின் முதுகெலும்பாக உள்ளூரில் பிளஸ் டூவோ டிகிரியோ முடித்த ஒரு பெண் இருந்தே ஆக வேண்டும். மாணவர்கள் அவருக்குத் துணை. மகளிர் குழுவுக்கு இந்தப் பொறுப்பைக் கொடுத்த ஊர்களில் வகுப்பு நிற்காமல் நடப்பதைக் கண்டிருக்கிறேன். நூறு நாள் வேலை முடித்து, மாட்டுக்குத் தண்ணி காட்டி, அடுப்பு வேலை ஆரம்பிப்பதற்குள் கிடைக்கிற அந்த ஒரு மணி நேரம் எந்த நேரம் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். பாடம் அவர்கள் வாழ்க்கையைத் தொட்டது. இன்றைக்கு அந்த இடத்தில் இருப்பது செல்போன். ஒரு மையத்தில் ஓர் அம்மா தன் பேங்க் மெசேஜைக் காட்டி, “இதுல வரவு எது, எடுத்தது எது?” என்று கேட்டார். சொல்லிக்கொடுக்க வந்திருந்த கல்லூரி மாணவி பாடநூலை மூடிவிட்டு அன்றைக்கு முழுக்க அதையே நடத்தினாள். அடுத்த வகுப்புக்கு அந்த அம்மா இன்னும் நாலு பேரை அழைத்து வந்தார்.

மனுவைக் கொடுக்கும்போது தீர்மான நகல், படிக்க விரும்புவோர் பெயர்ப் பட்டியல், இடத்தின் புகைப்படம், ஊருக்கு வரும் பஸ் நேரம் இவற்றை இணையுங்கள். உங்களிடம் ஒரு படி இருக்கட்டும். அதில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். ஜூனில் கல்லூரி திறந்ததும் கொடுப்பது நல்லது. அந்த ஆண்டுக்கான பணித் திட்டத்தை அவர்கள் எழுதுகிற நேரம் அது.