ராஜ்மாவை அரைவேக்காட்டில் சாப்பிடாதீர்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, நான் பணியில் இருந்த அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஒரே வீட்டிலிருந்து நான்கு பேர் வந்தார்கள். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். நால்வருக்கும் வாந்தி நிற்கவே இல்லை. சின்னவன் துவண்டுபோய்க் கிடந்தான்.

"வெளியில எதுவுமே சாப்பிடல டாக்டர், எல்லாம் வீட்ல செஞ்சதுதான்" என்றார் அந்த அம்மா. என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். ஃபலாஃபெல், அதாவது கொண்டைக்கடலையை அரைத்துச் செய்யும் வடை மாதிரியான அரபுப் பண்டம். கொண்டைக்கடலை தீர்ந்துபோயிருந்ததால் ராஜ்மாவை இரவெல்லாம் ஊறவைத்து, பச்சையாகவே அரைத்து, உருட்டி ஏர் ஃப்ரையரில் வைத்திருக்கிறார். ஏழு மணிக்குச் சாப்பிட்டார்கள், ஒன்பது மணிக்கெல்லாம் வாந்தி.

அவர் செய்முறையைச் சரியாகத்தான் பின்பற்றினார். லெபனான், பாலஸ்தீனம் பக்கம் ஃபலாஃபெலுக்குக் கொண்டைக்கடலையை வேகவைப்பதில்லை. ஊறவைத்து அரைத்து எண்ணெயில் பொரிப்பார்கள். கொண்டைக்கடலைக்கு அது போதும். ராஜ்மாவுக்குப் போதாது.

ராஜ்மாவில் ஃபைட்டோஹீமக்ளூட்டினின் என்றொரு புரதம் இருக்கிறது. அது குடலின் உட்சுவரைத் தாக்கும். வேகாத சிவப்பு ராஜ்மாவில் இதன் அளவு 20,000 முதல் 70,000 அலகு வரை. நன்றாக வெந்த பிறகு 200 முதல் 400 தான். பச்சையாக நாலைந்து விதை வயிற்றுக்குள் போனாலே போதும், ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்தில் குமட்டல், வாந்தி, அப்புறம் வயிற்றுப்போக்கு. இதற்கு மாற்று மருந்து கிடையாது. இழந்த நீரை ஈடுகட்ட வேண்டும், அவ்வளவுதான். பெரும்பாலோர் சில மணி நேரத்தில் தேறிவிடுவார்கள். அந்தக் குடும்பமும் விடிவதற்குள் தேறியது.

நம் வீட்டுக் குக்கரில் நாலைந்து விசில் விட்டு மசிய வேகவைக்கிற ராஜ்மாவைப் பற்றிப் பயமே வேண்டாம். உள்ளே சூடு 100 டிகிரியைத் தாண்டிவிடும். எனக்குக் கவலை தருவது, மிதமான சூட்டில் மணிக்கணக்கில் வேகவைக்கும் மின்சாரப் பானையான ஸ்லோ குக்கர்தான். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் சிவப்பு பீன்ஸும் சோறும் திங்கட்கிழமைச் சாப்பாடு. அது துணி துவைக்கும் நாள் என்பதால் பானையை அடுப்பில் ஏற்றிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். அடுப்பில் அது கொதித்தது. அதே பண்டத்தை ஸ்லோ குக்கரில் போட்டால் சூடு 80 டிகிரிக்கும் கீழே நின்றுவிடலாம். அந்த மிதமான சூட்டில் நச்சு அழியாது, பச்சை விதையைவிட ஐந்து மடங்கு வரை கூடவும் செய்யும். அவ்வளவு நேரம் வெந்ததே என்று நம்பித்தான் சாப்பிடுவோம்.

வறுப்பதும் உதவாது. 2006-இல் ஜப்பானில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி, உடல் மெலிய, ராஜ்மாவின் இனமான வெள்ளை பீன்ஸைச் சில நிமிடம் வறுத்துப் பொடித்துச் சோற்றில் தூவச் சொன்னது. அதைப் பார்த்துச் செய்த நூற்றுக்கும் மேற்பட்டோர் வாந்தியிலும் வயிற்றுப்போக்கிலும் அவதிப்பட்டார்கள்.

ஆகவே ராஜ்மாவை ஐந்து மணி நேரமாவது ஊறவையுங்கள். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்கவிடுங்கள். ஸ்லோ குக்கரில் போடுவதென்றால் அதற்குப் பிறகு போடலாம். டின்னில் வருவது ஏற்கெனவே வெந்தது, அப்படியே சமைக்கலாம்.

எகிப்தில் ஃபலாஃபெலுக்குத் தாமியா என்று பெயர். அதை ஃபாவா பீன்ஸ் என்ற பெரிய விதையுள்ள பயறில் செய்வார்கள். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஃபாவா பீன்ஸ் இரத்தச் சிவப்பணுக்களையே உடைத்துவிடும். வீட்டில் யாருக்காவது அந்தக் குறைபாடு இருந்தால் அதைத் தொடவே வேண்டாம்.

மீறி வாந்தி வந்துவிட்டால் ஓஆர்எஸ் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். சிறுநீர் குறைந்தாலோ, குழந்தை சோர்ந்து படுத்தாலோ உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். என்ன சாப்பிட்டீர்கள், எப்படி வேகவைத்தீர்கள், எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள் என்பதை மறக்காமல் சொல்லுங்கள். அன்றிரவு அந்த அம்மா ஏர் ஃப்ரையர் என்று சொன்ன பிறகுதான் எனக்கு விஷயம் விளங்கியது.