லைன் வராத வீட்டில் வைஃபை

போன மழைக்காலத்தில் திருச்சிக்கு வெளியே ஒரு புது மனைப்பிரிவுக்குக் குடிவந்தோம். தெருவிளக்கு வந்திருந்தது, குடிநீர் வந்திருந்தது, ஃபைபர் லைன் மட்டும் வரவில்லை. கேட்கும்போதெல்லாம் "அடுத்த வாரம்" என்றார்கள். அந்த அடுத்த வாரம் வந்து சேர மூன்று மாதம் ஆனது. குடிவந்த இரண்டாம் நாளே அக்கா மகன் பள்ளிக்கூட பிராஜெக்டுக்குப் பத்துப் பக்கம் பிரின்ட் வேண்டும் என்று நின்றான். பிரின்டர் கீழே ஹாலில், லேப்டாப் மாடியில். அட்டைப்பெட்டியில் கிடந்த பழைய ரவுட்டரை எடுத்து பிளக்கில் செருகினேன். அதைப் பார்த்த அம்மா கேட்டார்: "நெட்டே இல்லையே, வைஃபை எதுக்குப்பா?"

நம் ஊரில் "வைஃபை இருக்கா?" என்று கேட்டால் "இன்டர்நெட் இருக்கா?" என்றுதான் பொருள். இரண்டும் ஒரே பெட்டி வழியாக வருவதால் வந்த பழக்கம் இது. உண்மையில் இரண்டும் வேறு வேறு. வீட்டுக்குள் இருக்கும் கருவிகள் கம்பி இல்லாமல் ஒன்றோடொன்று பேச வைஃபை போதும். வாசலைத் தாண்டி உலகத்தோடு பேசத்தான் இன்டர்நெட். வாசலில் ரோடு போடவில்லை என்பதற்காக ஹாலிலிருந்து சமையலறைக்கு நடக்க முடியாமலா போகும்?

ரவுட்டர் என்று நாம் சொல்லும் பெட்டிக்குள் பல வேலைகள் அடங்கியிருக்கின்றன. பின்பக்கம் 'லேன்' (LAN, வீட்டுக்குள் இருக்கும் கருவிகளுக்கானது) என்று எழுதிய மூன்று நான்கு துளைகள் இருக்கும். அவற்றில் செருகும் கேபிள்களை ஒன்றோடொன்று இணைப்பது ஸ்விட்ச். ஆன்டெனா வழியாக அதே வேலையைக் காற்றில் செய்வது ஆக்சஸ் பாயின்ட். உள்ளே வரும் கருவிகளுக்கு எண் கொடுப்பது இன்னொரு வேலை. தனியாக, பெரும்பாலும் வேறு நிறத்தில் இருக்கும் 'வேன்' (WAN, வெளி இணைப்புக்கானது) துளைக்கும் இவை எல்லாவற்றுக்கும் நடுவே நின்று, வீட்டுக்கும் வெளிக்கும் போக்குவரத்தைத் திருப்பிவிடுவதுதான் ரவுட்டர் என்ற பெயருக்குரிய வேலை. லைன் இல்லாத வீட்டில் அந்த ஒன்றுதான் சும்மா இருக்கும். மற்றதெல்லாம் முழு வேகத்தில் நடக்கும்.

ஒரு போன் இந்தப் பெட்டியோடு எப்படிச் சேருகிறது என்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். ரவுட்டர் நொடிக்குப் பத்துத் தடவை போல, கணக்காகச் சொன்னால் 102.4 மில்லி நொடிக்கு ஒருமுறை, தன் பெயரைக் காற்றில் அறிவித்துக்கொண்டே இருக்கிறது. போனில் தெரியும் வைஃபை பட்டியல் அந்த அறிவிப்புகளிலிருந்து வந்ததுதான். நீங்கள் பாஸ்வேர்டு கொடுத்ததும், டபிள்யூபிஏ2 (WPA2) என்ற வைஃபை பாதுகாப்பு முறையில், அந்த பாஸ்வேர்டையும் வைஃபையின் பெயரையும் சேர்த்து 4,096 முறை அரைத்து 256 பிட் சாவி ஒன்றைப் போன் தயாரிக்கிறது. ரவுட்டரிடமும் அதே சாவி இருக்கிறது. பாஸ்வேர்டைக் காற்றில் அனுப்பாமலே, இரு பக்கமும் நான்கு செய்திகளைப் பரிமாறி, "உன்னிடம் இருப்பதும் என்னிடம் இருப்பதும் ஒன்றுதான்" என்று உறுதி செய்துகொள்கின்றன. இதில் எந்த இடத்திலும் வெளியே யாரையும் கேட்க வேண்டியதில்லை.

அப்புறம் முகவரி. புதிதாக வந்த போனுக்கு எண் எதுவும் இல்லாததால் அது பொதுவாகக் கூவுகிறது: "எனக்கு யாராவது முகவரி தருவீர்களா?" ரவுட்டர் சொல்கிறது: "192.168.1.102 காலியாக இருக்கிறது, வேண்டுமா?" போன்: "அதையே கொடுங்கள்." ரவுட்டர்: "சரி, இன்றைக்கு அது உனக்குத்தான்." டிஹெச்சிபி என்ற முறையின் சாரம் இந்த நான்கு வாக்கியங்கள்தான்.

192.168 என்று தொடங்கும் எண்களுக்கு ஒரு கதை உண்டு. 1990-களின் நடுவில் இணைய வல்லுநர்கள் சில எண் தொகுதிகளை யாரும் யாரையும் கேட்காமல் தங்கள் வீட்டுக்குள், அலுவலகத்துக்குள் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவைத்தார்கள். 192.168 தொகுதியில் மட்டும் 65,536 எண்கள் இருக்கின்றன. பொது இன்டர்நெட்டில் இந்த எண்களுக்குப் போகும் வழியே கிடையாது. அதனால்தான் மதுரையில் ஒரு வீட்டிலும் மலேசியாவில் ஒரு வீட்டிலும் ஒரே நேரத்தில் 192.168.1.1 இருந்தாலும் சண்டை வருவதில்லை. வெளியுலகமே இல்லாமல் ஒரு வலையமைப்பு வாழலாம் என்பதை முகவரித் திட்டத்திலேயே அன்றைக்கு எழுதிவைத்துவிட்டார்கள். எனக்கு இது மிகவும் பிடித்த விஷயம்.

(உங்கள் கருவியில் 169.254 என்று தொடங்கும் எண் தெரிந்தால், கூவிக் கூவிப் பார்த்தும் யாரும் பதில் சொல்லாததால் அது தானே ஓர் எண்ணை எடுத்துக்கொண்டது என்று அர்த்தம். கேபிளையோ ரவுட்டரின் டிஹெச்சிபி அமைப்பையோ பாருங்கள்.)

இவ்வளவும் சரியாக முடிந்த பிறகு போனில் வைஃபை குறிக்குப் பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறி வரும், அல்லது "இன்டர்நெட் இல்லை" என்று எழுத்து வரும். பலர் ரவுட்டர் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டுவது இந்த இடத்தில்தான். வெளியே இன்டர்நெட் இருக்கிறதா என்று போனுக்கு எப்படித் தெரியும்? அது ஒரு சோதனை செய்து பார்க்கிறது. ஆண்ட்ராய்டு போன், கூகுளின் ஒரு முகவரிக்குச் சின்னக் கோரிக்கை ஒன்றை அனுப்பும். "204" என்ற எண்ணோடு வெறும் பதில் வந்தால் எல்லாம் சரி. ஐபோன் ஆப்பிளின் ஒரு பக்கத்தைக் கேட்டு, அதில் 'சக்ஸஸ்' என்ற சொல் இருக்கிறதா என்று பார்க்கும். விண்டோஸ், 'மைக்ரோசாஃப்ட் கனெக்ட் டெஸ்ட்' என்ற மூன்றே சொல் கொண்ட கோப்பு ஒன்றைத் தேடும். நம் வீட்டில் லைன் இல்லை, பதில் வராது, அதனால் எச்சரிக்கை. வைஃபையில் ஒரு குறையும் இல்லை.

ஆனால் அந்த எச்சரிக்கையோடு போன் நிற்பதில்லை. "இந்த வைஃபையில் இன்டர்நெட் இல்லையே" என்று நினைத்து சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்கு மாறிவிடும். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறக்க நீங்கள் பிரவுசரில் அதன் முகவரியான 192.168.1.1-ஐத் தட்டினால் அந்தக் கோரிக்கை உங்கள் ரவுட்டருக்குப் போகாமல் செல்போன் டவருக்குப் போகும். அங்கே அந்த எண்ணுக்கு ஆளில்லை. பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். நான் இதில் அரை மணி நேரம் விட்டேன். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு மறுபடி முயன்றதும் உடனே திறந்தது. "இன்டர்நெட் இல்லை, இணைந்தே இருக்கவா?" என்று போன் கேட்டால் ஆம் என்று சொல்லி, இனிமேல் கேட்காதே என்பதையும் குறித்துவிடுங்கள்.

அமைக்கும் வேலை பெரிதல்ல. பழைய ரவுட்டர் என்றால் பின்னால் ஊசித்துளைக்குள் இருக்கும் ரீசெட் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடித்தால் போதும், முந்தைய அமைப்பெல்லாம் அழிந்துவிடும். அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முதல் பாஸ்வேர்டும் உள்ளே நுழையும் முகவரியும் இருக்கும், 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்பதே அதிகம். லேப்டாப்பை லேன் துளையில் கேபிள் போட்டு இணைப்பது நிச்சயமான வழி. வேன் துளையில் போட்டால் கதவு திறக்காது. உள்ளே போனதும் என்ன வகை இணைப்பு என்று கேட்கும்; டைனமிக் ஐபி (வெளியிலிருந்து முகவரி தானாக வரட்டும்) என்று விட்டுவிட்டு மேலே போகலாம். வெளி இணைப்புக்கான விளக்கு சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ எரிந்துகொண்டே இருக்கும், எரியட்டும். வைஃபைக்குப் பெயர், நல்ல நீளமான பாஸ்வேர்டு, பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ2 அல்லது 3, இவ்வளவுதான். நெட் இல்லாவிட்டாலும் பாஸ்வேர்டு வேண்டுமா என்றால் கட்டாயம் வேண்டும். சிக்னல் சுவரைத் தாண்டி அடுத்த வீட்டுக்கும் போகிறது, உங்கள் பிரின்டரும் கோப்புகளும் அந்தச் சிக்னலில்தான் இருக்கின்றன.

இன்னும் இரண்டு விஷயம். பிரின்டருக்கு ஒரு நிலையான எண்ணை ஒதுக்கிவிடுங்கள், நான் 192.168.1.50 கொடுத்தேன். இல்லையென்றால் அணைத்து ஏற்றும்போது எண் மாறிவிடலாம், அப்போது லேப்டாப் பழைய எண்ணில் தேடிக்கொண்டிருக்கும். இரண்டாவது, 'கெஸ்ட்' வைஃபையில் எதையும் சேர்க்காதீர்கள். விருந்தாளிகளின் போன் வீட்டுக் கருவிகளைத் தொடக்கூடாது என்பதற்காகவே செய்தது அது. அதில் சேர்த்த போனுக்குப் பிரின்டர் கண்ணில் படாது. சில புது மெஷ் ரவுட்டர்கள் (பல பெட்டிகள் சேர்ந்து வீடு முழுக்க சிக்னல் தருபவை) ஆப்பில் கணக்குத் தொடங்கி வெளி சர்வரில் பதிவு செய்தால்தான் வேலையையே தொடங்குகின்றன. லைன் இல்லாத வீட்டுக்கு அவை வேண்டாம். என் வீட்டு வைஃபையை இயக்க வேறு நாட்டு சர்வரின் சம்மதம் தேவைப்படுவது சரியே இல்லை என்பது என் கருத்து.

சரி, இப்படி அமைத்த வைஃபையில் என்னதான் செய்யலாம்? பத்துப் பக்கமும் அன்றைக்கே பிரின்ட் ஆகிவிட்டது. லேப்டாப்பில் பகிர்ந்து வைத்த படங்களையும் பாட்டையும் டிவியிலும் போனிலும் பார்க்கலாம், கேட்கலாம். சிசிடிவியின் பதிவுப் பெட்டியை இதில் இணைத்துவிட்டால் வாசலில் யார் நிற்கிறார்கள் என்று மாடியிலிருந்தே பார்க்கலாம். பையன்கள் ஒரே வீட்டுக்குள் சேர்ந்து விளையாடும் கேம்கள் நன்றாக ஓடும். வாட்ஸ்அப் மட்டும் ஓடாது. அருகருகே உட்கார்ந்திருக்கும் இருவர் வாட்ஸ்அப்பில் பேசினாலும் செய்தி எங்கோ இருக்கும் சர்வருக்குப் போய்த்தான் திரும்பி வருகிறது. அம்மாவிடம் இதைச் சொன்னபோதுதான் அவருக்கு வித்தியாசம் பிடிபட்டது. "அப்போ பிரின்டர் நம்ம வீட்டுக்குள்ளயே இருக்கு, அதான் வேலை செய்யுது" என்றார். அதுவேதான்.

வேகம் பற்றி ஒரு நுணுக்கம் சொல்ல வேண்டும். ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்குக் கோப்பு அனுப்பினால் அது நேராகப் போவதில்லை. முதல் போனிலிருந்து ரவுட்டருக்கு ஒருமுறை, ரவுட்டரிலிருந்து அடுத்த போனுக்கு இன்னொரு முறை, அதே அலைவரிசையில் இரண்டு பயணம். அதனால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். ஒரு கருவியையாவது கேபிளில் போட்டால் இந்த இழப்பு இல்லை. ஆனால் மலிவு ரவுட்டர்களின் லேன் துளை நொடிக்கு 100 மெகாபிட்தான் விடும், அதாவது நொடிக்குப் பதினோரு, பன்னிரண்டு மெகாபைட். 1.4 ஜிபி படம் ஒன்று சுமார் இரண்டு நிமிடத்தில் நகரும்.

ஒரே காற்றில் எல்லோரும் எப்படி முட்டிக்கொள்ளாமல் பேசுகிறார்கள்? இந்தக் கேள்விக்கு முதலில் விடை தேடியது ஒரு தீவுக்கூட்டம். 1971 ஜூனில் ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழுவினர் அலோஹாநெட் என்ற ரேடியோ வலையமைப்பைத் தொடங்கினார்கள். தீவுகளுக்கு நடுவே கடல். நம்பகமான கம்பி இல்லை. ஓவாஹு தீவில் இருந்த கம்ப்யூட்டரோடு நொடிக்கு 9,600 பிட் வேகத்தில் ரேடியோவில் பேசினார்கள். யாருக்கு அனுப்ப ஏதாவது இருந்தாலும் உடனே அனுப்பலாம். இருவர் ஒரே நேரத்தில் அனுப்பி முட்டிக்கொண்டால் "கிடைத்தது" என்ற பதில் வராது. ஆளுக்கொரு குத்துமதிப்பான நேரம் காத்திருந்து மறுபடி அனுப்ப வேண்டும். இப்படிச் செய்தால் காற்றில் இருக்கும் இடத்தில் அதிகபட்சம் 18 சதவீதத்தைத்தான் பயன்படுத்த முடியும் என்று கணக்கு சொல்கிறது. பிறகு வந்த வைஃபை, பேசுவதற்கு முன் காதுகொடுத்துக் கேட்பதைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் பதில் வரவில்லையென்றால் குத்துமதிப்பாகக் காத்திருந்து மீண்டும் முயல்வது இன்றைக்கும் அந்த ஹவாய் வழக்கம்தான். இன்டர்நெட்டின் தாயான ஆர்பாநெட்டோடு அலோஹாநெட் இணைந்தது 1972 டிசம்பரில். அதுவரை ஒன்றரை வருடம் அது வெளி இணைப்பே இல்லாமல் தன்னந்தனியாக ஓடியது. நடுவே நின்று செய்திகளைக் கையாண்ட கம்ப்யூட்டருக்கு மெனஹூனி என்று பெயர் வைத்தார்கள். ஹவாய்க் கதைகளில் யார் கண்ணிலும் படாமல் இரவில் வேலை செய்யும் குட்டி மனிதர்களின் பெயர் அது.

வீட்டளவில் மட்டுமல்ல, ஊரளவிலும் இது நடந்திருக்கிறது. கியூபாவின் ஹவானா நகரில் இன்டர்நெட் கிடைப்பது அரிதாகவும் விலை அதிகமாகவும் இருந்த காலத்தில், கேம் விளையாடும் இளைஞர்கள் வீட்டுக்கு வீடு கேபிள் இழுத்து, மாடியில் வைஃபை ஆன்டெனா வைத்து எஸ்நெட் என்ற ஒரு வலையை வளர்த்தார்கள். பல்லாயிரம் பேர் அதில் விளையாடினார்கள், உரையாடினார்கள், கோப்புகளைப் பகிர்ந்தார்கள். இன்டர்நெட்டோடு அதற்குத் தொடர்பே இல்லை. 2019-இல் வந்த அரசு விதிகள் தெருவைக் கடக்கும் கேபிளைத் தடுத்து, வைஃபையின் சக்தியை 100 மில்லிவாட்டுக்குள் அடக்கின; எஸ்நெட் அரசின் கம்ப்யூட்டர் மன்றங்களுக்குள் கரைந்தது. மக்கள் கையால் கட்டிய ஒன்று அப்படிப் போனதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.

வீட்டில் நாங்கள் செய்த கடைசி வேலை கிவிக்ஸ். விக்கிப்பீடியாவை ஒரே கோப்பாக இறக்கிவைத்து, நெட் இல்லாமல் படிக்க உதவும் இலவச மென்பொருள் இது. தமிழ் விக்கிப்பீடியாவும் அதில் கிடைக்கிறது. நண்பர் வீட்டில் இறக்கி பென்டிரைவில் கொண்டுவந்து, பழைய லேப்டாப்பில் ஓடவிட்டேன். வீட்டில் எந்தப் போனிலும் அந்த லேப்டாப்பின் எண்ணைத் தட்டினால் கட்டுரைகள் திறந்தன. அக்கா மகன் அடுத்த பிராஜெக்டை முழுக்க அதிலிருந்தே எழுதினான்.

ஒன்று மட்டும் கடைசி வரை சரியாகவில்லை. ரவுட்டருக்குள் பெரும்பாலும் பேட்டரி வைத்த கடிகாரம் கிடையாது. நேரத்தை அது இன்டர்நெட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளும். ஒவ்வொரு முறை கரண்ட் போய் வரும்போதும் எங்கள் ரவுட்டர் 1970 ஜனவரி 1-க்குத் திரும்பிப் போனது. இரவு பத்து மணிக்கு வைஃபை அணைய வேண்டும் என்று வைத்திருந்தது அதனால் நண்பகலில் அணைந்தது. அந்த ஏற்பாட்டை எடுத்துவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து ஃபைபர் வந்தது. அவர்கள் மாட்டிய பெட்டியிலிருந்து ஒரு கேபிளை எங்கள் ரவுட்டரின் வேன் துளையில் செருகினேன், ஒன்றும் ஓடவில்லை. அவர்கள் பெட்டியின் முகவரியும் 192.168.1.1, எங்களுடையதும் அதுவே. உள்ளே எது, வெளியே எது என்று ரவுட்டருக்குத் தெரியவில்லை. எங்களுடையதை 192.168.10.1 என்று மாற்றினேன். பிரின்டருக்கு 192.168.10.50 கொடுத்து, லேப்டாப்பில் அதை மறுபடி சேர்த்தேன்.