எந்த ஆற்றலுக்கு அந்த எண்?

சென்ற மாதம், பாளையங்கோட்டைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து இறுதியாண்டுத் திட்ட அறிக்கை ஒன்று மதிப்பீட்டுக்காக என்னிடம் வந்தது. சோடியத்தால் குளிர்விக்கப்படும் வேக உலையின் எரிபொருள் பற்றியது அது. யுரேனியம்-235இன் பிளவுக் குறுக்குவெட்டுப் பரப்பு, அதாவது நியூட்ரான் மோதினால் அணுக்கரு பிளக்கும் வாய்ப்பின் அளவு, 585 பார்ன் (அதை அளக்கும் அலகு) என்று எடுத்துக்கொண்டு, நாற்பது பக்கங்களுக்குப் பிசகில்லாமல் பெருக்கியிருந்தார்கள். இவ்வாண்டில் இதே 585 இப்படி வருவது நான்காம் முறை.

585 பொய்யான எண் அன்று. நொடிக்கு 2,200 மீட்டர் வேகத்தில் செல்லும் நியூட்ரானுக்கு, அதாவது 0.0253 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுக்கு, அது சரியானதே. ஆனால் வேக உலையில் நியூட்ரானைத் தணிக்கும் பொருளை வைப்பதில்லை; அங்கே நியூட்ரான்கள் அதைவிடப் பன்மடங்கு ஆற்றலோடு ஓடுகின்றன. பத்து லட்சம் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் அதே அணுக்கருவின் பிளவுப் பரப்பு ஏறத்தாழ 1.2 பார்ன்தான். அடர்த்தி, உருகுநிலை போலப் பொருளோடு ஒட்டிப் பிறந்த ஒற்றை எண் இது என்னும் நினைப்பே பிழையின் வேர். ‘பரப்பு’ என்ற சொல்லும் ஏமாற்றுகிறது. அது அணுக்கருவின் அகலம் அன்று, வந்து மோதும் நியூட்ரானின் ஆற்றலைப் பொறுத்து வினை நிகழும் வாய்ப்பின் அளவு. பாபநாசத்துப் பாறைகளுக்கிடையே தாமிரபரணி பாயும் வேகத்தை அளந்துவிட்டு, புன்னைக்காயல் முகத்துவாரத்திலும் அதே வேகம் என்று எழுதினால் நம்மூர்ச் சிறுபிள்ளையும் சிரிக்கும். நியூட்ரான் கணக்கில் மட்டும் அதற்கு மதிப்பெண் விழுகிறது.

அடுத்தது தூய்மை. கூடங்குளத்தில் எரிபொருளுக்கு உறையாக இருப்பது சிர்கோனியம்-நையோபியம் கலவை. வெப்ப நியூட்ரானை, அதாவது வேகம் தணிந்த நியூட்ரானை, சிர்கோனியம் விழுங்கும் அளவு 0.18 பார்ன், தாதுவில் அதைவிட்டுப் பிரியாத ஹாஃப்னியத்துக்கோ 104 பார்ன். எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு ஹாஃப்னியம் எஞ்சினால், மற்றத் தொண்ணூற்றெட்டுப் பங்கும் விழுங்குவதைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்கை அந்த இரண்டு பங்கே விழுங்கிவிடும். பழையகாயலில் சிர்கோனியத்துக்கென்றே தனி ஆலை இயங்குகிறது. அதற்கு இவ்வளவு அருகில் படிக்கும் பிள்ளைகள் ஹாஃப்னியத்தை மறப்பது எனக்குச் சற்று வருத்தமே.

லித்தியம் கலந்த உப்பை உருக்கிப் பயன்படுத்தும் உருகிய உப்பு உலை என்றால் வெறுமனே ‘லித்தியம்’ என்று எழுதாதீர்கள்: லித்தியம்-6க்கு 940 பார்ன், லித்தியம்-7க்கு 0.045 பார்ன். சோடியத்தின் அடர்த்தியை அறை வெப்பநிலைக்குரிய 0.97 (கன சென்டிமீட்டருக்குக் கிராம்) என்று போடாதீர்கள். 500 பாகை செல்சியசில் அது ஏறத்தாழ 0.83. எரிபொருள் சூடேறினால் யுரேனியம்-238இன் 6.67 எலக்ட்ரான் வோல்ட் ஒத்திசைவு முகடு (அந்த ஆற்றலில் நியூட்ரானை விழுங்கும் அளவு திடீரென உயரும் இடம்) தாழ்ந்து அகலும் என்பதால், வெப்பநிலையைக் குறிக்காமல் எந்த எண்ணையும் எழுதக் கூடாது. இந்த எண்களைத் தொகுத்துத் தரும் தரவு நூலகத்தின் பெயரையும் பதிப்பையும் குறிப்பிடுங்கள்; இயலுமானால் அமெரிக்காவின் ‘இஎன்டிஎஃப்’, ஜப்பானின் ‘ஜெண்டில்’ ஆகிய நூலகங்கள் இரண்டிலும் கணக்கிட்டு வேறுபாட்டைக் காட்டுங்கள். வழிகாட்டும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: கையொப்பமிடுமுன் எண்கள் உள்ள அட்டவணையை ஒரு முறையாவது படித்துவிடுங்கள்.

திருத்திய அறிக்கை சென்ற வாரம் வந்தது. 585 போய்விட்டது, எரிபொருள் மட்டும் இன்னும் அறை வெப்பநிலையிலேயே இருக்கிறது. மறுபடியும் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.