ஹில் 60: களிமண்ணுக்குள் காது வைத்தவர்கள்

பெல்ஜியத்தில் ஈப்ர் நகரத்துக்குப் பக்கத்தில் ஹில் 60 என்றொரு மேடு இருக்கிறது. ரயில் பாதைக்காக வெட்டிய மண்ணைக் கொட்டிக் கொட்டி உருவானது. கடல் மட்டத்திலிருந்து 60 மீட்டர், அவ்வளவுதான். சுற்றுவட்டாரம் தட்டையான நிலம் என்பதால் முதல் உலகப் போரில் இந்த மேட்டுக்காக இரு தரப்பும் மோதிக்கொண்டே இருந்தன.

1916 நவம்பரில் 1-வது ஆஸ்திரேலியச் சுரங்கப் படைப்பிரிவு இங்கே வந்தபோது, ஜெர்மன் நிலைகளுக்கு அடியில் இரண்டு வெடியறைகள் ஏற்கெனவே தயார். கனடா வீரர்கள் நிரப்பிவிட்டுப் போனவை. ஒன்றில் சுமார் 24 டன் வெடிமருந்து, மற்றதில் 32 டன். தாக்குதல் நாள் வரும்வரை எதிரியின் கண்ணில் படாமல் அவற்றைக் காப்பது ஆஸ்திரேலியர்களின் வேலை. அது ஏழு மாதம் நீண்டது.

மண்ணுக்கடியில் கண்ணுக்கு வேலை இல்லை, எல்லாம் காதுதான். எதிரி தோண்டும் சத்தம் களிமண் வழியாக மெல்லிய அதிர்வாக வரும். அதைப் பிடிக்க ஜியோஃபோன் என்ற கருவி இருந்தது. உள்ளங்கை அளவு மரவட்டு. அதற்குள் இரண்டு மைக்காத் தகடுகள், நடுவே பாதரசம். தரை அதிரும்போது மரவட்டு சேர்ந்து ஆடும். பாதரசம் கனமானது, சட்டென்று அசையாது. அதனால் தகட்டுக்கும் மரத்துக்கும் இடையில் இருக்கும் கொஞ்சக் காற்று நசுங்கி விரிகிறது. அந்த அழுத்தம் ரப்பர் குழாய் வழியாகக் காதுக்கு வந்துவிடும், டாக்டரின் ஸ்டெதஸ்கோப் மாதிரி.

சரி, திசையை எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு காதுக்கு ஒன்றாக இரண்டு வட்டுகளைத் தரையில் வைப்பார்கள். சத்தம் எந்தக் காதை முதலில் தொட்டதோ, அந்தப் பக்கமிருந்து வருவதாக மூளை சொல்லும். ஒரு வட்டை மெல்ல மெல்ல நகர்த்தினால், ஓர் இடத்தில் இரண்டு காதிலும் ஒரே சமமாகக் கேட்கும். அப்போது இரண்டு வட்டுகளையும் இணைக்கும் கோட்டுக்குச் செங்குத்தான திசையில்தான் சத்தம் இருக்கிறது. திசைகாட்டியில் அதைக் குறித்துக்கொண்டு, இன்னொரு சுரங்கத்தில் போய் மறுபடி கேட்பார்கள். வரைபடத்தில் இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தில் எதிரி. இருட்டில் மூச்சை அடக்கி மணிக்கணக்கில் கிடந்த மனிதர்கள் இவ்வளவு துல்லியமாக இடம் குறித்தார்கள் என்பதை நினைத்தால் இன்றும் மலைப்பாக இருக்கிறது.

எதிரி நெருங்கினால் சிறு வெடி வைத்து அவன் சுரங்கத்தை நசுக்கலாம். ஆனால் தவறான இடத்தில் வெடித்தால் நம் ரகசியமே வெளியே வந்துவிடும். சும்மா இருப்பதா, வெடிப்பதா என்ற முடிவு அந்த இரு கோடுகளை நம்பித்தான் எடுக்கப்பட்டது.

அப்புறம் ஈரம். வெடிமருந்தில் பெரும்பகுதி அம்மோனால். அதிலுள்ள அம்மோனியம் நைட்ரேட் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் தண்ணீர் புகாத தகர டப்பாக்களில் அடைத்தார்கள். வெடிக்கவைக்கும் மின்கம்பி எங்காவது அறுந்திருக்கிறதா என்று திரும்பத் திரும்பச் சோதித்தார்கள்.

1917 ஜூன் 7, விடியற்காலை 3.10 மணி. ஆலிவர் உட்வர்ட் என்ற சுரங்கப் பொறியாளர் ஹில் 60-க்கான சுவிட்சைப் போட்டார். அங்கிருந்த இரண்டு வெடியறைகளும், பக்கத்து மெசின் மலைமுகடு நெடுக இருந்த மற்ற 17 வெடியறைகளும் சில நொடிகளுக்குள் வெடித்தன. 32 டன் வெடித்த பள்ளம் இப்போது மரங்கள் சூழ்ந்த வட்டக் குளமாகக் கிடக்கிறது.