ஓசோன்: நெடியில் பிறந்த பெயர்

போன வாரம் பெரியம்மா ஒரு பத்திரிகைப் பக்கத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். அவருக்கு நெடுநாளாக மூச்சிரைப்பு. காற்று, தூசி, புகை என்று எது அச்சில் வந்தாலும் விடாமல் படித்துவிடுவார். வளிமண்டல ஆய்வாளர் ஒருவரின் பணியைப் பற்றிய மொழிபெயர்ப்புக் கட்டுரை அது. "வெயில் மிகுந்த பிற்பகல்களில் நகரக் காற்றில் மூவுயிர்வளி பெருகுகிறது" என்ற வரியில் விரலை வைத்து, "ஏம்ப்பா, உயிர்வளி பெருகினா நல்லதுதானே? அதுவும் மூணு மடங்குன்னு போட்டிருக்கு. இதுக்கு ஏன் கவலைப்படணும்ங்கறாங்க?" என்று கேட்டார்.

பெரியம்மா சரியாகத்தான் படித்திருக்கிறார். எழுதிய சொல் அப்படித்தான் பொருள் தருகிறது. ஓசோனுக்கு 'மூவுயிர்வளி' என்று போடுவதை இதற்கு முன்பும் பலமுறை பார்த்து, போகட்டும் என்று விட்டிருக்கிறேன். நுரையீரல் நோயாளி ஒருவரே நச்சு வாயுவை நல்ல காற்று என்று புரிந்துகொண்ட பிறகு அப்படி விட மனம் வரவில்லை.

முதலில் சொல்லின் பிறப்பு. 1785இல் மின்பொறி எந்திரத்தின் அருகே வினோதமான ஒரு வாடை வருவதை டச்சு அறிவியலாளர் வான் மாரும் குறித்து வைத்தார். சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் வேதியியல் பேராசிரியராக இருந்த ஷோன்பைன், நீரில் மின்சாரம் பாய்ச்சிப் பிரித்தபோது அதே வாடையை உணர்ந்து, இது தனி ஒரு பொருள் என்று முடிவுகட்டி 1840இல் பெயர் வைத்தார். கிரேக்கத்தில் 'ஓசெய்ன்' என்றால் மணத்தல், வாடை வீசுதல். அதிலிருந்து வந்ததுதான் ஓசோன். நம் 'ஓசை'க்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இதன் மூலக்கூறில் மூன்று ஆக்சிஜன் அணுக்கள் இருப்பதை சோரே என்பவர் சொன்னது 1865இல்தான். பெயர் வைத்தபோது மூன்று என்ற எண்ணே யாருக்கும் தெரியாது. தெரிந்ததெல்லாம் மூக்கைத் துளைத்த வாடை ஒன்றுதான்.

சரி, மூவுயிர்வளிக்காரர்கள் என்ன சொல்கிறார்கள்? மூன்று அணு, ஆக்சிஜனுக்குத் தமிழ் உயிர்வளி, இரண்டையும் சேர்த்தால் மூவுயிர்வளி. கணக்கு சரிதான். ஆனால் உயிர்வளி என்பது வெறும் தனிமப் பெயராகத் தமிழில் புழங்கவில்லை. நாம் மூச்சில் இழுக்கிற, உயிரைத் தாங்குகிற வாயு என்பதற்காகவே அந்தப் பெயர் நிலைத்தது. பிராணவாயு என்பதும் அதே கருத்துதான். பிரெஞ்சு வேதியியலர் லவாய்சியே வைத்த ஆக்சிஜன் என்ற மூலப் பெயருக்கு 'அமிலத்தை உண்டாக்குவது' என்று பொருள். அது பிழையான கருத்து என்று பின்னால் தெரிந்தது. நம் மொழி அந்தப் பிழையை இறக்குமதி செய்யாமல், வாயு என்ன வேலை செய்கிறது என்று பார்த்துப் பெயர் வைத்தது. மிக நல்ல காரியம். வேலையைப் பார்த்து வைத்த பெயரை, நேர்மாறான வேலை செய்கிற ஒன்றின் தலையில் கட்டுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஓசோன் மூச்சுக்குழாயின் உட்சுவரை அரிக்கிறது, இருமலைக் கிளப்புகிறது, மூச்சிரைப்பை முற்றச் செய்கிறது. பயிர் இலைகளில் புள்ளி விழ வைக்கிறது. இழுத்துக் கட்டிய ரப்பரில்கூட வெடிப்பு விழ வைக்கும். இதற்கா உயிர் என்று பெயர்?

அணுக்களை எண்ணித்தான் பெயர் வைக்க வேண்டும் என்றால் கரியமில வாயுவை என்ன செய்வது? அதில் இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் உண்டு. அதற்காக யாரும் அதை உயிர் என்று நினைப்பதில்லை, ஏனென்றால் பெயரில் உயிர் இல்லை. அடைத்த அறையில் கரியமில வாயு கூடிவிட்டது என்றால், படிக்காதவர்கூட சன்னலைத் திறப்பார். மூவுயிர்வளி கூடிவிட்டது என்றால்? ஆழமாக ஒரு மூச்சு இழுப்பார்.

இன்னொரு வாதமும் வைக்கிறார்கள். ஓசோன் படலம் புறஊதாக் கதிரைத் தடுத்து உயிர்களைக் காக்கிறதே, உயிர் என்று சொன்னால் என்ன? காக்கிறது, மறுக்கவில்லை. வளிமண்டல ஓசோனில் ஏறக்குறைய 90 விழுக்காடு உயரே அடுக்கு மண்டலத்தில்தான் இருக்கிறது. அத்தனையையும் திரட்டித் தரைக்குக் கொண்டுவந்து நம்மைச் சுற்றியுள்ள அழுத்தத்தில் பரப்பினால் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் கனம்தான் தேறும். அவ்வளவு மெல்லிய ஒன்று நமக்காக வெயிலை வடிகட்டுகிறது. ஆனால் அது நம் மூக்குக்குள் வருவதில்லை. கூரை ஓடு மழையிலிருந்து காக்கிறது என்பதற்காக யாரும் ஓட்டைப் பொடித்து விழுங்குவதில்லை. ஓசோன் உடம்புக்கு நல்லது என்ற மயக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவிலும் இருந்தது. கடற்கரைக் காற்றில் ஓசோன் நிறைந்திருக்கிறது, அதை வாங்கினால் நோய் தீரும் என்று விளம்பரம் செய்தார்கள். அவர்கள் மோந்தது உண்மையில் கடற்பாசி வாடை. அந்த மயக்கத்தை அறிவியல் தெளிய வைத்தாகிவிட்டது. நாம் ஏன் அதைப் பெயரிலேயே திரும்பக் கொண்டுவர வேண்டும்?

'கமழி' என்றும் ஒரு சொல்லைப் பார்த்திருக்கிறேன். இது ஓரளவு மதிக்கத்தக்க முயற்சி; மூலச்சொல்லின் பொருளைத் தேடிப் போயிருக்கிறார்கள். ஆனால் கமழ்வது பூவும் சந்தனமும். 'நாற்றம்' என்ற சொல் பழந்தமிழில் நறுமணமாக இருந்து இன்று கீழே இறங்கிவிட்டது. 'கமழ்' இன்னும் இறங்கவில்லை. இப்படிப்பட்ட வாடைக்குத் தமிழில் மிகப் பொருத்தமான சொல் ஏற்கெனவே இருக்கிறது: நெடி. பெயிண்ட் நெடி, பினாயில் நெடி என்கிறோம். மூக்கில் ஏறும், தொண்டையைக் கமறச் செய்யும். காற்றோட்டம் இல்லாத சிறிய அறையில் பழைய ஜெராக்ஸ் எந்திரம் வெகுநேரம் ஓடிய பிறகு உள்ளே போனால் கூர்மையாக ஒன்று மூக்கில் குத்துமே, அதுதான் ஓசோன். காற்றில் கோடியில் ஒரு பங்கு இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும்.

மாசுக் காற்றில் ஓசோன் எப்படி உருவாகிறது என்று வழிகாட்டியதும் ஒரு மூக்குதான். ஆரி ஹாகன்-சிமிட் அன்னாசிப் பழத்தின் மணத்துக்குக் காரணமான பொருள்களை ஆராய்ந்துகொண்டிருந்த, கலிபோர்னியாவின் கால்டெக் பல்கலைக்கழக வேதியியலர். லாஸ் ஏஞ்சலிஸ் நகரைக் கண்ணெரிய வைத்த புகைமூட்டத்தை அவர் கையிலெடுத்தார். பெட்ரோல் ஆவி, எரிபொருள் எரியும்போது வரும் நைட்ரஜன் ஆக்சைடுகள், இவற்றோடு சூரிய ஒளி சேர்ந்தால் ஓசோன் பிறக்கிறது என்று 1950களின் தொடக்கத்தில் காட்டினார். ஓசோன் எந்தப் புகைபோக்கியிலிருந்தும் நேராக வருவதில்லை. வெயில் சமைக்கிறது. அதனால்தான் பிற்பகலில் உச்சத்துக்குப் போகிறது. புகை கிளம்பிய இடத்தைவிடக் காற்று அடித்துக்கொண்டு போகும் புறநகரில் பல நேரம் கூடுதலாக இருக்கிறது.

ஆகவே என் தீர்ப்பு இது. அன்றாட எழுத்துக்கு ஓசோன் என்பதே போதும். கிரந்த எழுத்து வேண்டாத சொல், நாவில் தடையில்லாமல் வருகிறது, பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஈழத்தவர் 'ஓசோன் படை' என்றும் நாம் 'ஓசோன் படலம்' என்றும் சொல்லிப் பழகிவிட்டோம். தனித்தமிழ் கட்டாயம் வேண்டும் என்பவர்கள் 'நெடிவளி' என்று சொல்லட்டும். ஷோன்பைன் நினைத்ததும் அதில் இருக்கிறது, எச்சரிக்கையும் இருக்கிறது. உயிர் மட்டும் வேண்டாம்.

பெயரோடு தொல்லை முடிந்துவிடவில்லை. அதே கட்டுரையில் 'ஓசோன் மாசுபாடு' என்று ஒரு துணைத்தலைப்பு. நீர் மாசுபாடு என்றால் நீர் கெடுவது, நில மாசுபாடு என்றால் நிலம் கெடுவது. அப்படியானால் ஓசோன் மாசுபாடு என்றால் ஓசோன் கெட்டுப்போகிறது என்றுதானே தமிழ் படித்தவர் எடுத்துக்கொள்வார்? இங்கே ஓசோன்தான் கெடுக்கிறது. 'ஓசோனால் காற்று மாசு' என்று ஓர் உருபைச் சேர்த்திருந்தால் தீர்ந்திருக்கும். வேற்றுமை உருபை முழுங்கிவிட்டு இரண்டு பெயர்ச்சொற்களை அருகருகே நிறுத்துவது இப்போது மொழிபெயர்ப்பாளர்களிடம் தொற்றாகப் பரவியிருக்கிறது.

அதற்கடுத்த பத்தியில் 'தரைமட்ட ஓசோன்'. தரைமட்டம் என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு நினைவு வருவது இடிந்து விழுந்த கட்டிடம். தரையை ஒட்டிய காற்றடுக்குக்கு 'அடிவளி மண்டலம்' என்று நல்ல சொல் ஏற்கெனவே இருக்கும்போது 'அடிவளி ஓசோன்' என்று எழுத என்ன தயக்கம்? அதுவும் கனமாகத் தோன்றினால் 'நாம் சுவாசிக்கும் காற்றில் உள்ள ஓசோன்' என்று எழுதலாம். மூன்று சொல் கூடும், அவ்வளவுதான். அகராதியைத் திறப்பவர்கள் எழுதி முடித்ததும் ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்க்க வேண்டும். வீட்டில் இருப்பவர் யாராவது ஒருவர் கேட்டுப் புரிந்துகொண்டாரா என்று பார்த்தால் இந்தப் பிழைகளில் பாதி அச்சுக்கே போகாது.

பெரியம்மாவின் பக்கத்தை வாங்கி, அந்த வரியை அடித்துவிட்டு ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன்: "வண்டிப் புகை பிற்பகல் வெயிலில் ஓசோனாக மாறுகிறது. இந்த வாயு மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும்." கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இரண்டு முறை படித்தார்.

"அப்போ மத்தியானம் நடக்கப் போறத விட்டுட்டு காலையில போகட்டுமா?"

"ஆமாம் பெரியம்மா, காலையிலேயே போயிட்டு வந்துடுங்க."